பக்கவாதத்திற்குப் பிந்தைய வீட்டுப் பயிற்சி: காணொளி, செயலி, இயந்திரம் ஆகியவற்றுள் எதைத் தேர்வது?

பக்கவாதம் வந்தவரை வீட்டிற்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் அறிக்கையில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கடைசி வரியாக ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று எழுதியிருக்கும். மருந்துச் சீட்டை எந்தக் கடையில் நீட்டுவது என்று குடும்பத்திற்குத் தெரியும். அந்தக் கடைசி வரியை எங்கே நீட்டுவது என்பதுதான் தெரிவதில்லை. சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் மையங்கள் உண்டு. சங்கரன்கோவிலை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருப்பவர், ஒரு பக்கம் செயலிழந்த உடலுடன் ஆட்டோ பிடித்து, பேருந்து மாறி, வாரத்திற்கு மூன்று முறை பயிற்சிக்குப் போய்வருவது என்பது பெரும்பாலும் முதல் மாதத்தோடு நின்றுபோகிற ஏற்பாடு. அந்த இடைவெளியை நிரப்புவதற்காக இன்று காணொளி அழைப்பு, கைபேசிச் செயலி, விளையாட்டுக் கருவி, ரோபோ, மக்கள் ‘கரன்ட் வைப்பது’ என்று சொல்லும் தசைத் தூண்டல் கருவி என்று பல வழிகள் முன்வைக்கப்படுகின்றன.

முடிவெடுக்க வேண்டியவர்களாக ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்கிறார். பேச்சு சற்றுக் குழறினாலும் சொல்வது புரிகிறது. வீட்டில் மனைவி மட்டும் இருக்கிறார். மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார், பணம் அனுப்புகிறார். இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. பல ஊர்களில் இருக்கும் நிலை இதுதான்.

எந்த வழியானாலும் அதை அளக்க எனக்கு இரண்டு கேள்விகள் போதும். பலவீனமான கையும் காலும் ஒரு நாளில் எத்தனை முறை தாமாக வேலை செய்கின்றன? அந்த வேலை தவறான முறையில் நடந்தால் அதைக் கண்டு திருத்த யார் இருக்கிறார்? விலை, வசதி, புதுமை ஆகியவற்றையெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகே பார்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

முதல் கேள்விக்கு ஏன் இவ்வளவு கனம் என்றால், மூளையில் சேதமடைந்த பகுதியைச் சுற்றியுள்ள நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை அமைத்துக்கொள்வதும், அந்த இணைப்புகள் நிலைப்பதும், பயனுள்ள ஓர் அசைவை நோயாளி தாமே திரும்பத் திரும்பச் செய்வதைப் பெரிதும் பொறுத்தவை. பிறர் கையைப் பிடித்து ஆட்டிவிடுவது மூட்டு இறுகாமல் காக்கும், அசைவைக் கற்றுத்தராது. (புறா ரத்தம் தேய்க்கும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. தேய்ப்பதைவிட, அதை நம்பிக் கழியும் வாரங்களே பெரிய இழப்பு. ஏனென்றால் மீட்சியின் வேகம் முதல் மூன்று மாதங்களில்தான் மிக அதிகம்.) ஆனால் முறையான பயிற்சி மையங்களில்கூட இப்படித் திரும்பச் செய்யும் எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்பதை வட அமெரிக்காவில் 312 பயிற்சி அமர்வுகளைக் கவனித்து 2009-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு காட்டியது. ஓர் அமர்வில் கையைக் கொண்டு ஒரு வேலையைச் செய்து பழகியது சராசரியாக 32 முறைதான். விலங்குகளில் மூளை மாற்றத்தை ஏற்படுத்திய சோதனைகளில் இது நூற்றுக்கணக்கில் இருந்தது. ஆகவே வாரத்தில் மூன்று நாள் மையத்திற்குப் போய்வந்தாலும், மீதி நாள்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டுவிடலாமே என்று தோன்றும். இதை இந்தியாவிலேயே பெரிய அளவில் சோதித்துவிட்டார்கள். ‘அட்டென்ட்’ என்ற பெயரில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்; மற்றக் குழுவில், மருத்துவமனையில் இருக்கும்போதே குடும்பத்தாருக்கு முறையாகக் கற்றுக்கொடுத்து, வீட்டிற்குப் போன பிறகும் இரண்டு மாதம் வரை அதைத் தொடரச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் சேர்ந்து இரு குழுக்களிலும் 47 விழுக்காடாகவே இருந்தனர். வித்தியாசம் இல்லை. வீட்டில் பயிற்சியே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஏற்கெனவே பாத்திரம் தேய்த்து, சமைத்து, நோயாளியைக் குளிப்பாட்டி, இரவில் இருமுறை எழும் மனைவியின் தலையில் பிசியோதெரபிஸ்ட்டின் வேலையையும் ஏற்றி, பிறகு தொடர்ந்து எட்டிப்பார்க்க ஆளில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அது காட்டுகிறது என்றே நான் படிக்கிறேன். கீழே வரும் ஒவ்வொரு தொழில்நுட்பமும் இந்தப் பாறையில்தான் மோதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒப்பீட்டுக்கு அடித்தளமாக, ஆள் நேரில் வந்து தரும் பயிற்சியை முதலில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு ஓர் அரசு வழி உண்டு: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுதருவதோடு இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) சேர்க்கப்பட்டுள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைப்பது செலவில்லாத முதல் அடி. அதைச் செய்யாமல் வேறெதையும் யோசிக்கக் கூடாது. ஆனால் ஊர் ஊராகச் செல்லும் ஒருவரால் ஒரே வீட்டிற்கு அடிக்கடி வர இயலாது. தனியாக வரவழைத்தால் ஒரு வருகைக்குச் சில நூறு ரூபாய் ஆகும். மாதக் கணக்கில் அது தாங்காது. எனவே நேர்வருகை என்பது தரத்தில் முதலிடத்திலும் எண்ணிக்கையில் கடைசியிலும் நிற்கிறது.

காணொளி அழைப்புக்கு ஆதரவான சான்றுகள் வலுவானவை. அமெரிக்காவில் 11 இடங்களில் 124 பேரைக் கொண்டு நடந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கை பலவீனமானவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மையத்திலும் மறுபாதிக்கு வீட்டில் காணொளி வழியாகவும் 36 அமர்வுகள், ஒவ்வொன்றும் 70 நிமிடம், கொடுத்தார்கள். 66 மதிப்பெண் கொண்ட கைத்திறன் அளவுகோலில் மையத்திற்குப் போனவர்கள் 8.36 மதிப்பெண்ணும் வீட்டில் செய்தவர்கள் 7.86 மதிப்பெண்ணும் முன்னேறினர். மையத்திற்கு வீடு சளைத்ததல்ல என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வு, 22 ஆய்வுகளையும் 1,937 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்து, அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் தொலைவழிப் பயிற்சி நேர்ப்பயிற்சியை ஒத்ததாகவே தெரிகிறது என்று, சான்றின் உறுதி குறைவு முதல் நடுத்தரம் என்ற எச்சரிக்கையோடு கூறியது.

இந்த எண்களைப் பார்த்தவுடன் வாட்ஸாப் அழைப்பைத் தொடங்கிவிட வேண்டாம். அந்த 36 அமர்வுகளில் பாதியில்தான் சிகிச்சையாளர் திரையில் இருந்தார். மற்றப் பாதியை நோயாளி தாமே செய்தார். ஆனால் அவர் முன்னால் கணினியும், கையால் இயக்கும் விளையாட்டுக் கருவிகள் அடுக்கிய மேசையும் இருந்தன. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அந்த அமைப்பே சொல்லிக்கொண்டிருந்தது. நமது வீட்டில் இருப்பது ஆறு அங்குலத் திரையும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனைவியின் கையும். அவர் கைபேசியைப் பிடித்தால் கணவரைப் பிடிக்க முடியாது. கணவரைப் பிடித்தால் திரையில் கூரைதான் தெரியும். எனவே ஒரு சாதாரண கைபேசித் தாங்கி, முழு உடலும் தெரியும் தூரம், ஜன்னல் வெளிச்சம் நோயாளியின் முகத்தில் விழும் திசை ஆகிய மூன்றையும் முதல் அமர்வுக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். நோயாளி பெண்ணாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. தோள்பட்டையின் நிலையைப் பார்க்காமல் கைப்பயிற்சி தர முடியாது. ஆனால் சேலைத் தலைப்பை விலக்கிக் கேமரா முன் உட்கார எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? பெண் சிகிச்சையாளரைக் கேட்பதும், அமர்வைப் பதிவுசெய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் குடும்பத்தின் உரிமை.

திரை செய்ய முடியாத வேலைகளும் உண்டு. தசை இறுக்கத்தைத் தொட்டுத்தான் அறிய முடியும். தோள்மூட்டு நழுவியிருக்கிறதா என்பதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காமல் நோயாளியை அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது, பலவீனமான கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது ஆகியவற்றால் வரும் தோள்வலி மாதக்கணக்கில் பயிற்சியையே நிறுத்திவிடும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை ஒருமுறையாவது ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டும். ஆகவே காணொளியை நேர்வருகைக்கு மாற்றாகக் கொள்ளாமல், முதல் சில நேர்வருகைகளின் தொடர்ச்சியாகக் கொண்டால் என் இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு நல்ல விடை கிடைக்கிறது.

செயலிகளைப் பொறுத்தவரை நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. ‘கேர் ஃபார் ஸ்ட்ரோக்’ என்ற கைபேசி வழித் திட்டம் சென்னையில் சோதிக்கப்பட்டு, முடிவு 2016-இல் வெளியானது. முதல் கட்டத்தில் இணைய இணைப்பு, காணொளி ஓடாமல் நிற்பது, படத்தின் தெளிவு, செயலியின் இயக்கம் என்று சிக்கல்கள் வெளிப்பட்டன. திருத்திய பிறகு, இரண்டாம் கட்டத்தில் 30 நோயாளிகளில் 29 பேரும் பராமரிப்பாளர்கள் அனைவரும் அதை மிகவும் பயனுள்ளது என்றனர். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்தக் கட்டம் சோதித்தது ஏற்புடைமையை. கை எவ்வளவு திரும்பியது என்பதற்கு அது விடை ஆகாது. இன்னொரு பெரிய இந்திய ஆய்வான ‘ஸ்பிரின்ட் இந்தியா’, மறுபடி பக்கவாதம் வராமல் தடுப்பதற்காகக் குறுஞ்செய்திகளையும் காணொளிகளையும் பயிற்சிப் புத்தகத்தையும் இந்திய மொழிகளில் அனுப்பிப் பார்த்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்த அந்த ஆய்வில் மறுதாக்குதல்கள் குறையவில்லை என்று 2023-இல் வெளியிட்டார்கள். செய்தி வந்துசேர்வதும், செய்தி வேலை செய்வதும் வேறுவேறு என்பதே இதன் பாடம்.

செயலி திருத்தாது; காட்டும். எண்ணிக்கையை நினைவூட்டும், ஆனால் இடுப்பைச் சாய்த்துக் கையைத் தூக்கி ஏமாற்றுகிற நோயாளியை அதற்குத் தெரியாது. அத்துடன் வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன் என்றால் அது பெரும்பாலும் வெளியே போகிறவரோடு போய்விடுகிறது. ஆகவே செயலியை நோயாளிக்கான கருவியாக அல்லாமல், நேற்று சொல்லிக்கொடுத்த அசைவு எப்படி இருந்தது என்று மனைவி மறுபடி பார்த்துக்கொள்ளும் நினைவுக் குறிப்பாக வைத்தால் போதும். இதற்குத் தனிச் செயலிகூட வேண்டியதில்லை. சிகிச்சையாளர் நேரில் வந்த அன்று, அந்த நோயாளியையே, அந்த வீட்டு நாற்காலியிலேயே செய்யவைத்து எடுத்த ஒரு நிமிடக் காணொளி, எந்த நாட்டு மாதிரி உருவமும் செய்துகாட்டும் படத்தைவிடப் பயன்படும்.

செயலியின் உண்மையான வலிமை வேறோர் இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்காக உருவாக்கிய செயலியைக் குடும்பத்தின் கையில் விட்டுவிடாமல், ஊர் ஊராகச் செல்லும் மறுவாழ்வுப் பணியாளரின் கையில் கொடுத்து, அவர் பதிவதைத் தொலைவிலிருக்கும் நிபுணர் பார்த்து வழிகாட்டும்படி அமைத்தது. குழந்தைகளுக்கான அந்த அமைப்பைப் பக்கவாத நோயாளிகளுக்கும் விரிப்பது தொண்டு நிறுவனங்களும் அரசும் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு குடும்பத்தால் ஆகாது. ஆனால் ‘பார்த்துத் திருத்த யார் இருக்கிறார்’ என்ற கேள்விக்கு நான் அறிந்த நல்ல விடைகளுள் அது ஒன்று.

இனி இயந்திரங்கள். விற்பனைப் பேச்சு அதிகமும் சான்று குறைவுமான பகுதி இது. கையை இயக்கிப் பழக்கும் ரோபோவைப் பிரிட்டனில் 770 பேரிடம் சோதித்தார்கள். 12 வாரங்கள், வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம். வழக்கமான சிகிச்சையைவிட அன்றாடக் கைப்பயன்பாடு மேம்படவில்லை என்று 2019-இல் முடிவு வந்தது. பாதம் தொங்குபவர்களுக்குக் காலில் கட்டும் தூண்டல் கருவியையும் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் சாதாரண பிளாஸ்டிக் ஸ்பிளின்ட்டையும் அமெரிக்காவில் 197 பேரிடம் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நடை வேகத்தில் இரண்டும் சமமாகவே முன்னேற்றம் தந்தன. ஸ்பிளின்ட் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியே கிடைக்கக்கூடியது என்பதையும், தூண்டல் கருவியின் விலை அதன் பல மடங்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முடிவெடுப்பது கடினமில்லை. கிளினிக்கில் படுக்கவைத்து வெறுமனே கரன்ட் வைத்துவிட்டு அனுப்புவதற்குப் பணம் கொடுப்பதைப் பற்றி என் கருத்து இன்னும் கடுமையானது: நோயாளி தாம் முயலாத நேரத்தில் தசை துடிப்பதைப் பயிற்சியாகக் கணக்கிடக் கூடாது.

வீடியோ விளையாட்டுகளைப் பற்றிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. கனடா உள்ளிட்ட நான்கு நாடுகளில் 141 பேரைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான அதில், ஒரு குழு அசைவை உணரும் விளையாட்டுக் கருவியிலும் மற்றக் குழு சீட்டாட்டம் போன்ற சாதாரண விளையாட்டுகளிலும் அதே அளவு நேரம் செலவிட்டன. இரு குழுக்களின் கைகளும் ஒரே மாதிரி முன்னேறின. கருவி வாங்கப் பணம் இல்லையே என்று வருந்தும் குடும்பம், பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்கலாம். ஒவ்வொரு குழியிலிருந்தும் முத்துகளை அள்ளி, ஒன்றொன்றாக விரல் நுனியால் போட்டுச் செல்வது, பலவீனமான கைக்கு ஓர் ஆட்டத்திலேயே பல பத்து முறை பயிற்சி தருகிறது. எதிரில் பேத்தி உட்கார்ந்தால் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இருந்தாலும் ரோபோவை முற்றாக ஒதுக்கிவிடக் கூடாது. விரல் சிறிதும் அசையாதவரால் பல்லாங்குழி ஆட முடியாது. அவருடைய சிறு முயற்சியை உணர்ந்து, மீதி அசைவை முடித்துக்கொடுக்கும் கருவி அங்கே பொருள் பெறுகிறது. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய ‘புளூட்டோ’ என்ற கைப்பயிற்சி ரோபோ, மேசையில் வைக்கக்கூடிய அளவில் இந்த நோக்கத்துடன் வடிவமைக்கப்பட்டது. இப்படிப்பட்ட கருவி உள்ள மையம் எட்டும் தூரத்தில் இருந்தால், அங்கே சில வாரங்கள் பழகிவிட்டு வருவது சரி. அப்படி மையம் இல்லாதவர்களுக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. நல்ல கையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அசைக்க, பலவீனமான கை அசைவதுபோல மூளைக்குத் தோன்றும். 62 ஆய்வுகளைத் தொகுத்த 2018-இன் காக்ரேன் மதிப்பாய்வு இது அசைவை மேம்படுத்துகிறது என்றது. முறையை மட்டும் சிகிச்சையாளரிடம் ஒருமுறை கற்றுக்கொள்ள வேண்டும்.

விழுங்குவதில் சிரமம் இருந்தால் எந்தச் செயலியையும் நம்ப வேண்டாம். நேரில் பரிசோதிக்கும் வரை, செயலி சொல்வதை வைத்து உணவின் பதத்தை மாற்றக் கூடாது. பேச்சு இழந்தவர்களின் நிலை நேர்மாறானது. முகமும் குரலுமே தேவைப்படும் பேச்சுப் பயிற்சி காணொளிக்கு இயல்பாகப் பொருந்துகிறது. தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர் தொலைவில் இருந்தாலும், மொழி ஒத்துவராத ஆங்கிலச் செயலியைவிட அவரே மேல்.

திருப்பூரிலிருக்கும் மகன் எதையாவது வாங்கித் தந்தே தீருவேன் என்றால், முதலில் வாங்க வேண்டியது மேற்கையில் கட்டும் தானியங்கி ரத்த அழுத்தக் கருவி. பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மறுதாக்குதல். அதைத் தூண்டும் காரணங்களில் தலையாயது ரத்த அழுத்தம். பெரும்பாலோருக்கு இலக்கு 130/80-க்குக் கீழ். மீட்ட அசைவையெல்லாம் இரண்டாவது தாக்குதல் ஒரே காலையில் பறித்துவிடும் என்பதால், இதை மறுவாழ்வுக் கருவிகளின் பட்டியலிலேயே சேர்க்கிறேன்.

மேலே சொன்ன குடும்பத்திற்கு நான் பரிந்துரைப்பது இதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்துவிட்டு, முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கான பணத்தை முழுவதும் நேர்வருகைக்கே செலவிடுங்கள். எழுப்புவது, உட்காரவைப்பது, தோளைத் தாங்குவது ஆகியவற்றை மனைவி கற்றுக்கொள்ளட்டும். அதன் பிறகு வாரத்திற்கு இரண்டு காணொளி அமர்வுகள், மாதத்திற்கு ஒரு நேர்வருகை. பெரிய கருவி எதுவும் வேண்டாம். நோயாளி முழுநாளும் தனியாக இருக்கிற வீட்டில் இந்த ஏற்பாடு நிற்காது. விழுந்துவிட்டால் திரையிலிருப்பவரால் ஓடிவர முடியாது என்பதால், அங்கே செயலிக்கும் காணொளிக்கும் கொடுக்கும் பணத்தை முதலில் பகலில் துணைக்கு ஓர் ஆளை அமர்த்தக் கொடுப்பதே முறை. நோயாளி வாரக்கணக்கில் பேசாமல், உண்ணாமல், பயிற்சியை மறுத்துக்கொண்டே இருந்தால் அதைச் சோம்பல் என்று திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; பக்கவாதத்திற்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்து உண்டு.

தேர்ந்த வழி பலிக்கிறதா என்று பார்க்கவும் கைபேசியே போதும். வாசலில் சமதரையில் பத்து மீட்டரைச் சுண்ணாம்புக் கோட்டால் குறித்து, அதை நடந்து கடக்க ஆகும் நொடிகளையும், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நொடிகளையும், மனைவி அருகில் நிற்க, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அளந்து நாட்காட்டியில் எழுதுங்கள். முதல் மூன்று மாதங்களுக்குள் அடுத்தடுத்து மூன்று அளவுகளில் எந்த மாற்றமும் இல்லையென்றால், அந்த நாட்காட்டித் தாளைச் சிகிச்சையாளரிடம் காட்டி, பயிற்சியைக் கூட்டுவதா, வழியை மாற்றுவதா என்று கேளுங்கள்.